எலியின் மூளை அலையைப் பதிவு செய்யப் பழகுதல்: வலிப்பு ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்கிற கேள்வி, “அக்கா, எலிக்கு எப்ப வலிப்பு வரும்?” என்பதுதான். வரும். ஆனால் நீங்கள் கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டுக் காத்திருக்கும்போது வராது. நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து நாற்பது ஐம்பது விநாடி வந்துவிட்டு அடங்கிவிடும். திரும்பி வந்து பார்த்தால் எலி ஒன்றுமே நடக்காததுபோலத் தீனியைக் கொறித்துக்கொண்டிருக்கும். இந்தக் கம்பி, பெட்டி, கெமரா, கணினி எல்லாம் அதற்காகத்தான்.

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். உயர்தரத்தில் உயிரியல் படித்து, சுற்றி வளைத்து, கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்த வேலையை எனக்கு யாரும் தமிழில் எழுதித் தரவில்லை. கை பழகியபடியே கற்றதை இங்கே எழுதுகிறேன். உங்கள் கூடத்துப் பெரியவர்கள் வேறு மாதிரிச் சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். காரணத்தையும் கேட்டு வையுங்கள்.

முதலில் ஒரு பழைய சங்கதி. எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியம்மாவுக்கு வலிப்பு இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கும்போதே சில நாள் விழுந்துவிடுவார். யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். அதைக் கொண்டுவந்து கையில் திணித்ததும் கொஞ்ச நேரத்தில் கைகால் உதறல் அடங்கும். இரும்புதான் அடக்கியது என்று ஊரே நம்பியது. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று இரண்டு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடிக் கொண்டுவருவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். இரும்பு கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அதைப் பார்க்காத வரைக்கும் இரும்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எலி ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்றை வைப்பது இதற்காகத்தான். வலிப்பு உண்டாக்கும் மருந்து கொடுத்த எலிகளுக்குப் பக்கத்தில், அதே சத்திரசிகிச்சை செய்து, அதே கம்பி மாட்டி, மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலிகளும் இருக்க வேண்டும். மண்டையோட்டைத் துளைப்பதே மூளையை உறுத்தக்கூடும். அந்த எலிகள் இல்லாமல் நீங்கள் காட்டுகிற படம் எல்லாம் சாவிக்கொத்துக் கதைதான்.

மனிதருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஒன்றையும் திணிக்காதீர்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எதை அளக்கிறோம்

லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் என்ற மருத்துவர் 1875 இல் முயல், குரங்கு ஆகியவற்றின் திறந்த மூளையில் மின்வாய் வைத்து, அங்கே மின்னோட்டம் ஏறி இறங்குவதைக் கண்டார். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924 இல் மனிதத் தலையிலிருந்து பதிவெடுத்து, 1929 இல் வெளியிட்டார். ஆக, இந்தத் துறையே விலங்கிலிருந்துதான் தொடங்கியது.

நாம் பிடிப்பது ஒரு தனி நரம்புக்கலத்தின் குரலை அல்ல. பிரட்டுக்களத்தில் எல்லாரும் ஆளுக்கொரு கதை பேசிக்கொண்டிருக்கும்போது மேல் ரோட்டிலிருந்து கேட்டால் ஒரு இரைச்சல்தான் கேட்கும். அதே கூட்டம் ஒன்றாகக் கை தட்டினால் ரோட்டில் இருப்பவருக்கும் ‘டப் டப்’ என்று தெளிவாகக் கேட்கும். விழித்திருக்கும் மூளையின் அலை சிறியதாக, ஒழுங்கில்லாமல் தெரிவது முதல் வகை. ஆயிரக்கணக்கான கலங்கள் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்வது இரண்டாவது. வலிப்பில் நடப்பது அதுதான். கூட்டமாகச் சேர்வது எல்லாமே நோய் என்று எண்ண வேண்டாம்: ஆழ்ந்த தூக்கத்திலும் கலங்கள் சேர்ந்துதான் மெதுவாகத் தாளம் போடுகின்றன. தடுமாற்றம் இங்கேதான் தொடங்கும், பிறகு வருகிறேன்.

எந்த மாதிரி எலி

வலிப்பு மாதிரி, அதாவது ஆய்வுக்காக விலங்கில் வலிப்பை உண்டாக்கும் முறை, எல்லாம் ஒன்றல்ல. உங்கள் கேள்வி எதுவோ அதற்கேற்ற மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மருந்து வலிப்பை அந்த நேரத்தில் தடுக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்குப் உடனே வலிப்பைக் கிளப்பும் பென்டிலீன்டெட்ரசோல் ஊசியோ மின் அதிர்ச்சியோ போதும். 1938 இல் மெரிட், பட்னம் இருவரும் பூனைகளில் மின் அதிர்ச்சி முறையை வைத்துத்தான் பெனிடோயினைக் கண்டெடுத்தார்கள். இன்றைக்கும் கிளினிக்கில் கொடுக்கிற மருந்து அது. ஆனால் அப்படி ஊசி போட்டதும் வருவது வலிப்பு மட்டுமே, வலிப்பு நோய் ஆகாது. தானாக, திரும்பத் திரும்ப வந்தால்தான் நோய்.

அந்த நோயையே எலியில் உண்டாக்க வேண்டுமென்றால் பைலோகார்ப்பீன் அல்லது கைனிக் அமிலம். ஒன்று தென் அமெரிக்கச் செடியின் இலையிலிருந்து வந்தது, மற்றது கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து. இவை முதலில் நீண்ட நேரம் நிற்காத வலிப்பை உண்டாக்கும். அதை டயஸிபாம் கொடுத்து அடக்குவோம். அதன்பின் எலி நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குள்ளேதான் மூளையின் வலைப்பின்னல் மாறுகிறது. பிறகு ஒரு நாள் தானாக வலிப்பு வரத் தொடங்கும். நிற்காத வலிப்பின்போது சில எலிகள் இறந்தும் போகும். இந்த மாதிரியைக் கையாளப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது. முதல் நாளும் மறுநாளும் ஈரத்தீனி, தோலுக்கடியில் உப்புநீர், எடை பார்த்தல் என்று பிள்ளை வளர்ப்பதுபோலத்தான்.

கிண்ட்லிங் என்பது வேறு வழி: ஒவ்வொரு நாளும் மிகச் சிறிய மின் தூண்டல் கொடுக்கக் கொடுக்க, முன்பு ஒன்றும் செய்யாத அதே அளவு பிறகு பெரிய வலிப்பைக் கிளப்பும். கிரஹாம் கொடார்ட் 1960களில் கண்டது. பிறப்பிலேயே வெறித்துப் பார்க்கும் வலிப்புள்ள எலி வகைகளும் உண்டு. ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வந்த கேயர்ஸ் வகை பெயர் பெற்றது. பிள்ளைகளில் வரும் அந்த வகை வலிப்பில் கூரான முள்ளும் மெதுவான அலையுமாக விநாடிக்கு 3 முறை ஓடும். எலியில் 7 முதல் 11 வரை. மனிதரின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு எலியின் திரையைப் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பதையே தவறவிடுவீர்கள்.

அனுமதி

இது கடதாசி வேலை என்று ஒதுக்காதீர்கள். விலங்கு வதைத் தடுப்புக்கு நம் நாட்டில் இருப்பது 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அன்றாட ஆய்வுக்கு உங்கள் பீடத்தின் நெறிமுறைக் குழுதான் வாசல். ரஸல், பேர்ச் என்ற இருவர் 1959 இல் சொன்ன மூன்றையும் அவர்கள் கேட்பார்கள்: விலங்கு இல்லாமல் செய்ய முடியாதா, எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா, வேதனையைக் குறைக்க முடியாதா? எந்த நிலையில் எலியைத் துன்பமில்லாமல் முடித்துவிடுவீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்பது பலர் வைக்கும் எல்லை. அந்த வரியை எழுதும்போது கை நடுங்காவிட்டால்தான் எனக்குப் பயம்.

விஸ்டார் என்ற ஆய்வுகூட வகை எலிகளைக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எடுப்பது இங்கே வழக்கம். அங்கிருந்து கடுகண்ணாவ ஏற்றம் ஏறி வந்து சேர்ந்த எலியைச் சத்திரசிகிச்சை மேசையில் உடனே வைக்காதீர்கள். ஒரு வாரமாவது புது இடம், புதுக் குளிர், உங்கள் கை மணம் எல்லாம் பழகட்டும். நாளும் கையில் எடுத்துப் பழகிய எலி பிறகு கம்பி மாட்டும்போது திமிறாது.

தலையில் மின்வாய் பதித்தல்

முதல் ஐந்தாறு எலிகளுக்கு நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டும். வேலை இப்படிப் போகும். ஐசோஃப்ளுரேன் மூச்சில் கொடுத்து, அல்லது கெட்டமினும் ஸைலஸீனும் ஊசியில் கொடுத்து மயக்குவோம். கால்விரலைக் கிள்ளினால் இழுக்காத அளவுக்கு மயக்கம் இறங்கியிருக்க வேண்டும். கண்ணுக்குக் களிம்பு போட மறந்தால் கண் காய்ந்துவிடும். உடம்புக்குக் கீழே வெப்பப் படுக்கை கட்டாயம். மயங்கிய எலியால் தன் சூட்டைக் காக்க முடியாது. கண்டியிலேயே டிசம்பர், ஜனவரிக் காலைகளில் மேசை ஐஸாகக் கிடக்கும். நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தலையை அசையாமல் பிடிக்கும் உலோகச் சட்டகத்தில் பொருத்தி, காதுக் கம்பிகளை இரண்டு பக்கமும் சமமாக இறுக்குங்கள். தோலைத் திறந்து எலும்பைத் துடைத்தால் மண்டையோட்டின் மூட்டுக்கோடுகள் சந்திக்கும் இரண்டு இடங்கள் தெரியும்: முன்னால் பிரெக்மா, பின்னால் லாம்ப்டா. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இங்கே சோம்பினால் ஆழத்தில் இறங்கும் கம்பி, மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத் தொடாமல் பக்கத்தில் எங்கேயோ போய் நிற்கும். மூன்று மாதம் கழித்து மூளையை வெட்டிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். ஆள்கூறுகளைப் பாக்சினோஸ், வாட்சன் இருவரின் எலி மூளை வரைபட நூலிலிருந்து எடுக்கலாம். ஆனால் உங்கள் எலியின் எடையும் வகையும் நூலில் உள்ளதிலிருந்து வேறுபட்டால் ஒன்றிரண்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்பரப்பு அலைக்கு மின்வாயாகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் போதும். எலும்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத மெல்லிசு. துளைக்கும்போது கையால் அழுத்தாமல் துரப்பணத்தின் சுழற்சியே வேலை செய்யட்டும். எலும்பு விட்டுக்கொடுக்கிற கணம் விரலுக்குத் தெரியும், அங்கே நிறுத்துங்கள். கீழே உள்ள சவ்வு கிழியக் கூடாது. மற்ற மின்வாய்களின் அலையை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்வாயை லாம்ப்டாவுக்குப் பின்னால், சிறுமூளைக்கு மேலே வைப்பது வழக்கம். வலிப்பு அலை அங்கே அவ்வளவாக எட்டாது என்பதே காரணம்.

எல்லாவற்றையும் பல் வைத்தியர் பயன்படுத்தும் அக்ரிலிக்கால் மூடுவோம். இந்த இடத்தில்தான் மலைநாட்டு ஈரம் விளையாடும். எலும்பு நன்றாகக் காயாமல் அக்ரிலிக் பூசினால் அது ஒட்டியது போல் காட்டிவிட்டு இரண்டு வாரத்தில் தொப்பி மாதிரிக் கழன்று வரும். தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் எனக்கு அப்படி இரண்டு எலிகள் போயின. அதன்பின் எலும்பை ஒருமுறைக்கு மூன்று முறை காயவைத்து, கூடுதலாக இரண்டு திருகாணிகளைப் பிடிமானத்துக்கென்றே போடுகிறேன். அக்ரிலிக் இறுகும்போது சூடாகும். ஒரேயடியாகக் கொட்டாமல் மெல்லிய படையாகப் பூசுங்கள்.

வலி மருந்தை எலி விழிக்கும் முன்பே கொடுங்கள். அப்புறம் ஒரு வாரமாவது ஓய்வு. மயக்க மருந்தின் சாயல் அலையில் இருக்கும்போது எடுத்த பதிவை அடிப்படைப் பதிவு என்று யாரிடமும் காட்டாதீர்கள்.

பதிவுப் பெட்டி, கரண்ட், இடி

எலியின் மூளை அலை மிகச் சிறியது. மில்லிவோல்ற்றின் பின்னங்களில் இருக்கும். சுவரில் ஓடுவதோ 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். திரையில் தடித்த பட்டை மாதிரி ஒரு சீரான அலை வந்தால் அது மூளையல்ல, மின்சார சபை. உடனே மென்பொருளில் 50 ஹேர்ட்ஸ் வடிகட்டியைத் தட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அது கூரான முட்களின் வடிவத்தையும் கெடுக்கும். மூலத்தைத் தேடுங்கள். டியூப் லைற்றை அணைத்துப் பாருங்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான். ஒப்பீட்டுத் திருகாணியின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். எர்த் கம்பி உண்மையிலேயே நிலத்துக்குப் போகிறதா என்று மின்வேலை தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். பழைய கட்டடங்களில் மூன்று துளைச் சொக்கெட் இருந்தாலும் எர்த் கம்பி இல்லாமல் இருக்கும். கடைசியாக, கூட்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு கட்டி அதை எர்த்தில் சேருங்கள். நாங்கள் கோழிக்கூட்டு வலையில் கட்டினோம். பார்க்க அழகில்லை, வேலை செய்கிறது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இறங்கும் ஊர் இது. யூபிஎஸ் இல்லாமல் நீண்ட பதிவு தொடங்க வேண்டாம். 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன நாளும் இருந்தது. அதைத் தாங்க யூபிஎஸ் போதாது. ஆனால் பத்து நிமிடம் கிடைத்தாலும் கோப்பை ஒழுங்காக மூடிவிடலாம். ஒரு மணிநேரத்துக்கு ஒரு கோப்பு என்று மென்பொருளை அமைத்து வையுங்கள். கரண்ட் போனால் இழப்பது ஒரு மணிநேரமாக இருக்கட்டும், ஒரு வாரமாக வேண்டாம். இணைப்பு ஊசிகளில் ஈரம் பட்டுப் பச்சை பூக்கும். அவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கலாம்.

எலி சுற்றிச் சுற்றி வரும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மேலே ஒரு சுழல் இணைப்பு வேண்டும். ஒரு கூட்டில் ஓர் எலிதான். இரண்டு வைத்தால் ஒன்று மற்றதன் கம்பியைக் கடிக்கும்.

அலையின் அளவை விநாடிக்கு எத்தனை முறை எடுப்பது, அதாவது எத்தனை மாதிரி? நீங்கள் பார்க்க விரும்பும் உச்ச மீடிறனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சாதாரண வலிப்புக்கு 500 அல்லது 1000 போதும். 250 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையான வேகச் சிற்றலைகளைத் தேடுகிறவர்கள் 2000க்கு மேல் போக வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: 4 தடங்கள், விநாடிக்கு 1000 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 691 மெகாபைட். எட்டு எலி, மூன்று வாரம், அதோடு வீடியோ என்றால் வன்தட்டுக்குக் காசு ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஈடிஎஃப் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலான மென்பொருள்களில் திறக்கலாம்.

வீடியோ கட்டாயம், இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தோடு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். கெமராவின் கடிகாரமும் பதிவுப் பெட்டியின் கடிகாரமும் தனித்தனி. வார முடிவில் இரண்டுக்கும் நிமிடக் கணக்கில் இடைவெளி. திரையில் வலிப்பு ஓடுகிறது, வீடியோவில் எலி தூங்குகிறது! அதன்பின் ஒரு சிறிய எல்ஈடி பல்பைக் கெமராவில் தெரியும்படி வைத்து, அது மின்னும் நேரம் ஒரு தடத்திலும் பதியும்படி செய்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்னினால் போதும்.

வாசிக்கப் பழகுதல்

கம்பியும் பெட்டியும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கண் பழகத்தான் காலம் எடுக்கும். நான் புதியவர்களுக்கு வலிப்புப் பதிவை முதலில் காட்டுவதே இல்லை. வலிப்பு இல்லாதவற்றைத்தான் காட்டுவேன்.

எலி தீனி கடிக்கும்போது தாடைத் தசையின் மின்சாரம் புதர் புதராக, தாளத்தோடு வரும். தண்ணீர்க் குழாயை நக்கும்போது சிறிய சீரான துடிப்பு. கம்பி ஆடினால் பெரிய மெதுவான அலை. எல்லாவற்றிலும் கள்ளமானது சொறிதல்: பின்னங்காலால் காதைச் சொறியும்போது விநாடிக்குப் பல முறை, உயரமாக, சடாரென்று தொடங்கி சடாரென்று முடியும். வலிப்பேதான் என்று சத்தியம் செய்வீர்கள். வீடியோவைப் பார்த்தால் எலி சுகமாகச் சொறிந்துகொண்டிருக்கும். ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான பெரிய அலை, கனவுத் தூக்கத்தில் ஹிப்போகாம்பஸில் ஓடும் சீரான தீட்டா அலை, இரண்டும் நோயில்லாத எலியின் சொத்து. எந்த மருந்தும் கொடுக்காத சில எலிகளிலேயே, சும்மா உட்கார்ந்திருக்கும்போது, விநாடிக்கு 7, 8 முறை முள் அலைகள் ஓடுவதுண்டு. அதை வலிப்பு உண்டாக்கிய எலிகளின் கணக்கில் சேர்த்துவிட்டால் ஆய்வே கெட்டது. உப்புநீர் எலிகள் இல்லாமல் இதைப் பிரித்தறிய வழியில்லை.

சரி, வலிப்பு எப்படி இருக்கும்? அடிப்படையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வீச்சம், 10 விநாடிக்குக் குறையாத நீளம் என்பது பலர் வைத்துக்கொள்ளும் அளவுகோல். எனக்கு அதைவிட நம்பிக்கையானது அதன் நடை. வலிப்பு நின்ற இடத்தில் நிற்காது. சிறிய வேகமான அலையாகத் தொடங்கி, பெரிதாகி, இடைவெளி விட்டு விட்டு அடித்து, திடீரென்று நிற்கும். நின்றபின் அலை தட்டையாகக் கிடக்கும். சொறிதலில் இந்த வளர்ச்சியும் இல்லை, முடிவில் அந்தத் தட்டையும் இல்லை.

உடம்பில் தெரிவதை ரசீன் 1972 இல் வகுத்த ஐந்து படிகளால் குறிப்போம்: முகமும் வாயும் அசைதல், தலை ஆட்டம், முன்னங்கால் உதறல், பின்னங்காலில் எழுந்து நிற்றல், எழுந்து விழுதல். ஆனால் ஆழத்தில் பதித்த கம்பியில் மட்டும் வலிப்பு ஓடி, எலி ஒரு மூலையில் உறைந்து நிற்பதும் உண்டு. அப்போது வெளியே பார்த்தவர் “ஒன்றுமில்லை” என்றே எழுதுவார். மனிதரிலும் இப்படி வெறித்துப் பார்க்கும் வலிப்பை ‘கவனமில்லாத பிள்ளை’ என்று வகுப்பில் கடைசி வாங்கில் இருத்திய கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

தானியங்கி நிரல் வைத்துத் தேடலாம், நேரம் மிச்சம். அது சந்தேகப்படுவதையெல்லாம் பிடிக்கும்படி இளக்கமாக வைத்து, பிடித்ததை ஒவ்வொன்றாக வீடியோவோடு கண்ணால் பாருங்கள். எந்த எலி எந்தக் குழு என்று வாசிப்பவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து ஒப்பிட வேண்டும். வலிப்பை அடக்கும் மருந்து வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை கண்ணுக்குள் புகுந்துகொள்ளும், எனக்கும் புகுந்தது.

எத்தனை நாள் பதிவது என்று கேட்பார்கள். வலிப்புகள் கொத்துக் கொத்தாக வரும்: மூன்று நாள் நிறைய, பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை. மருந்து கொடுத்த வாரம் அந்த அமைதி வாரமாக அமைந்துவிட்டால், சாவிக்கொத்து மறுபடியும் கைக்கு வந்துவிடும். மருந்துக்கு முன்பு இரண்டு வாரம், பின்பு இரண்டு வாரம், அதுவும் இருபத்துநாலு மணிநேரமும் என்பதற்குக் குறைய நான் ஒத்துக்கொள்வதில்லை.

உங்கள் முதல் வாரத்து வேலை இதுதான். மருந்து ஏதும் கொடுக்காத ஓர் எலியின் ஒரு நாள் பதிவை எடுங்கள். வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிக்கிறது, சொறிகிறது, தூங்குகிறது, யாரோ கதவைத் திறந்தார்கள் என்று எல்லாவற்றையும் நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். அறைக்குள் யார் எப்போது வந்தார் என்பதை எழுத வாசலில் ஒரு புத்தகம் தொங்குகிறது, அதையும் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இருபத்துநாலு மணிநேரமும் நிரம்பிய அந்தக் கொப்பியை என்னிடம் கொண்டுவாருங்கள். வலிப்புள்ள எலியின் கோப்பை அன்றைக்குத் திறந்து காட்டுகிறேன்.